200 ஆண்டு கழித்து வந்த யானைகள்

ஓசூருக்குப் பக்கத்து ஏரி ஒன்றில், நவம்பர் மாதக் காலை எட்டு மணிக்கு, ஐந்து யானைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஐந்தும் ஆண். இரவெல்லாம் ராகி வயலில் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் காட்டுக்குப் போய்ச் சேர முடியாமல் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. கரையில் முந்நூறு பேராவது இருந்திருப்போம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த தொழிற்சாலை இளைஞர்கள், பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள், பைக்கை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்தவர்கள். எல்லார் கையிலும் செல்போன். ஒருவர் கல் எறிந்தார். ஐந்தில் சிறியது தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் வளைத்து மோப்பம் பிடித்தது. பெரியது அசையவே இல்லை. காதுகளை மட்டும் விரித்துப் பிடித்திருந்தது. யானை காது வீசுவதை நிறுத்தி விரித்து வைத்துக்கொண்டால், உன்னிப்பாகக் கவனிக்கிறது, எரிச்சலில் இருக்கிறது என்று பொருள். கரையில் இருந்த யாரும் அதற்காக ஓர் அடி பின்வாங்கவில்லை. வந்திருந்த நான்கு வனக் காவலர்களும் தொண்டை கிழியக் கத்தி விரட்டியது மக்களைத்தான்.

அந்த ஏரிக்கரையிலிருந்து பெங்களூரு கூப்பிடு தூரம். பன்னேர்கட்டா காட்டிலிருந்தும் காவிரிக் கரைக் காடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் அக்டோபருக்குப் பிறகு யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கம் வருகின்றன. ராகி அறுவடை முடிந்து காடு வறளும் நேரத்தில் திரும்புகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய கதை. ஆனால் இதிலிருந்து கிளை பிரிந்த ஒரு கதை உண்டு. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை.

1980களின் முற்பாதியில், இந்தக் காடுகளைச் சேர்ந்த சில யானைகள் வழக்கமான தடத்தை விட்டுக் கிழக்கே நடந்தன. வறட்சி மிகுந்த ஆண்டுகள் அவை. துண்டு துண்டாகக் கிடந்த குன்றுக் காடுகளைப் பற்றிக்கொண்டு, இடையில் வந்த வயல்களையும் சாலைகளையும் இரவில் கடந்து, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தன. குப்பம், பலமநேர் வட்டாரத்தில் அப்போது உயிரோடு இருந்த எவரும் தங்கள் மண்ணில் காட்டு யானையைப் பார்த்ததில்லை. அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டனும் பார்த்திருக்க முடியாது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக அங்கே யானை கிடையாது. வந்த யானைகள் திரும்பிப் போகவில்லை, குட்டி ஈன்றன. ஆந்திர அரசு 1990இல் சுமார் 358 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. நம் குடியாத்தத்தின் வழியே ஓடிப் பாலாற்றில் சேரும் கௌண்டின்ய மகாநதியின் பெயர்தான் அது.

“யானை முன்னோர் நடந்த வழியை மறக்காது” என்று நாம் சொல்வோம். எனக்கும் பிடித்த சொல்தான் அது. பல இடங்களில் உண்மையும் கூட. ஒரு கூட்டத்தின் மூத்த பெண் யானை, தன் தாயோடு நடந்த வழியை, முப்பது வருடத்துக்கு முன் பஞ்சத்தில் தண்ணீர் கிடைத்த ஓடையை நினைவில் வைத்திருக்கும். கூடவே நடக்கும் மகள்களும் பேத்திகளும் அதைக் கற்றுக்கொள்ளும். ஆனால் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டால் அறுந்ததுதான். யானையின் ஆயுள் அறுபது எழுபது ஆண்டு. 200 ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒரு வழியை எந்த யானையும் நினைவில் சுமந்து வந்திருக்க முடியாது. அப்படியானால் சித்தூருக்கு வந்தவை நினைவைத் தொடர்ந்து வரவில்லை. தேடிக்கொண்டு வந்தன. தேடுவதற்கு யானையிடம் நல்ல கருவி இருக்கிறது. மோப்ப உணர்வுக்கான மரபணுக்கள் ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 2,000 என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாய்க்கு இருப்பதைப் போல் இரண்டு மடங்கு, மனிதனுக்கு இருப்பதைப் போல் ஐந்து மடங்கு. காற்று திரும்பினால் போதும்: பால் பிடித்த கதிரும் நீர் நிறைந்த ஏரியும் எந்தத் திசையில் இருக்கின்றன என்பது யானைக்குத் தெரிந்துவிடும்.

இப்படித் துணிந்து புது இடத்தில் கால் வைப்பதில் ஆண் யானைகளே முந்துகின்றன. இதற்கான காரணத்தை முதலில் தெளிவாகக் காட்டியவர் யானை ஆய்வாளர் ராமன் சுகுமார். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பக்கம் தங்கி, எந்த யானை எத்தனை இரவு வயலுக்கு வருகிறது என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். மாதவ் காட்கிலோடு சேர்ந்து 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் பயிருக்குள் இறங்கியது. குட்டிகளோடு திரியும் பெண் யானைக் கூட்டமோ 8 இரவுகள்தான். காட்டுப் புல்லைவிட ராகியிலும் நெல்லிலும் புரதம் அதிகம், கால்சியமும் சோடியமும் அதிகம். உடம்பு பெருத்து, நல்ல மதம் பிடித்தால்தான் ஆண் யானை மற்ற ஆண்களை வென்று பெண்ணோடு சேர முடியும். அதற்காக அது உயிரைப் பணயம் வைக்கிறது. தாய்க்கு அந்தப் பந்தயம் கட்டுப்படியாகாது. அதன் காலடியில் குட்டி நிற்கிறது. பத்திரிகைகள் “காட்டு யானைகள் அட்டகாசம்” என்று தலைப்புப் போடும்போதெல்லாம் எனக்கு இந்த 49ம் 8ம் ஞாபகத்துக்கு வந்து மனம் சங்கடப்படும். அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய வாழ்க்கைக் கணக்கை மறைத்துவிடுகிறது!

ஏரியில் நான் பார்த்த ஐந்தும் ஆண்கள் என்பதும் தற்செயலாக நடந்ததல்ல. வயதுக்கு வரும் ஆண் யானை பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்து பெரும்பாலும் தனித்தே திரியும் என்பது பழைய பாடம். கர்நாடக, தமிழக எல்லையில், ஓசூர் வட்டாரம் உட்பட, நிஷாந்த் சீனிவாசையாவும் சுகுமாரும் உள்ளிட்ட குழு 248 ஆண் யானைகளைப் படம் பிடித்து அடையாளம் கண்டு, 2019இல் வேறொரு சித்திரத்தை வெளியிட்டது. காடு குறைந்து வயலும் ஊரும் மிகுந்த இடங்களில் இளவட்ட ஆண்கள் கூட்டம் கட்டுகின்றன. அந்தக் கூட்டம் நாள்கணக்கில் கலைவதில்லை, ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. ஆபத்தான நிலத்தில் ஒருவனுக்கு இன்னொருவன் காவல். எந்த ஏரியில் பகலில் பதுங்கலாம், எந்தப் பக்கம் மின்வேலி, எந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் லாரி குறையும் என்பதையெல்லாம் மூத்தவனிடமிருந்து இளையவன் கற்கிறான். நம் கண் முன்னே, ஒரு தலைமுறைக்குள், யானைச் சமூகம் ஒரு புதுப் பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

சித்தூர் ஒரு தனிச் சம்பவமும் இல்லை. 2002 வாக்கில் கர்நாடகக் காடுகளிலிருந்து இறங்கிய யானைகள் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கில், கொங்கணக் கரையில் தங்கிவிட்டன. அங்கே யானையா என்று வியந்தார்கள். அர்த்தசாஸ்திரமோ அபராந்தம் எனப்பட்ட அந்தக் கொங்கணத்து யானைகளை ‘நடுத்தரம்’ என்று தரம் பிரித்தே வைத்திருக்கிறது. சத்தீஸ்கரின் சர்குஜாவிலும் யானை அற்றுப்போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு, 1980களின் இறுதியிலிருந்து பீகார், ஒடிசா பக்கக் காடுகளிலிருந்து யானைகள் வரத் தொடங்கின. 1993இல் அவற்றைப் பிடிக்கப் பெரிய நடவடிக்கையே எடுத்தார்கள். அதை மைக் பாண்டே ‘தி லாஸ்ட் மைக்ரேஷன்’ என்ற ஆவணப் படமாக எடுத்தார். ‘வெளியூர் யானைகள்’ என்று பிடிக்கப்பட்டவை அவை. ஆனால் அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், காட்டு யானை கிடைக்கும் காடுகளின் வரிசையில் சர்குஜா இருக்கிறது, ரத்தன்பூர் இருக்கிறது, பஸ்தர் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா யானைகளே சிறந்தவை என்கிறார் அவர். பன்னாவில் இன்று பிறவிக் காட்டு யானை கிடையாது.

இத்தனை இடங்களையும் சேர்த்து யோசிக்கும்போது ஒன்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. யானை ஓர் ஊரை விட்டுப் போகும்போது, அதோடு வாழ்ந்த மனிதர்களின் அறிவும் மெல்ல மெல்லச் செத்துவிடுகிறது. யானை திரும்பி வந்துவிடுகிறது. அறிவு அதனுடன் திரும்புவதில்லை. பரண் எந்த மரத்தில் கட்டுவது, சாராய ஊறலை ஏன் வீட்டுக்குள் வைக்கக் கூடாது, அறுத்த நெல்லை எங்கே அடுக்குவது, விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போகும்போது எதைக் காது கொடுத்துக் கேட்பது என்பதெல்லாம் ஒரே பருவத்தில் கற்கும் பாடங்களா? 2021 வாக்கில் சத்தீஸ்கரில் இருந்த யானைகள் 300க்கும் குறைவு, நாட்டின் மொத்தத்தில் ஒரு விழுக்காடுகூட வரவில்லை. ஆனால் யானையால் இந்தியாவில் நேரும் மனித உயிரிழப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் என்றது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. ஆண்டுக்கு அறுபது பேருக்கு மேல். பாரம்பரியமாக யானை வாழும் தென்னகக் காடுகளில் ஆயிரக்கணக்கான யானைகள் இருக்கின்றன. இங்கே உயிரிழப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விகிதத்தில் இருந்தால் நம் மலையடிவார ஊர்கள் காலியாகியிருக்கும். காடு கெட்டுப்போனதும், நிலக்கரிச் சுரங்கங்கள் வழியை அடைத்ததும் சத்தீஸ்கரின் துயரத்துக்கு முக்கியக் காரணங்கள்தான். அவற்றோடு இந்த மறதியையும் சேர்க்க வேண்டும்.

மறதி யானையையும் கொல்லும். 2018இல் சத்தீஸ்கரிலிருந்து சுமார் 40 யானைகள் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்துக்குள் வந்து நிலையாகத் தங்கின. 2024 அக்டோபர் கடைசியில், 13 யானைகள் கொண்ட ஒரு கூட்டம் காப்பகத்தை ஒட்டிய வரகு வயலில் இறங்கி மேய்ந்தது. மூன்று நாளில் பத்து யானைகள் செத்தன. விஷம் வைத்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகம். பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளுறுப்புகளைச் சோதித்து, சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு மிகுதியாக இருந்ததைக் கண்டது. ஈரத்தில் நனைந்து முற்றிய வரகுக் கதிரில் படரும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. தசை சுருங்கி விரிவதற்குக் கால்சியம் இங்கும் அங்கும் இறைக்கப்பட வேண்டும்; அந்த இறைப்பு வேலையைச் செய்யும் புரதத்தை இந்த அமிலம் முடக்கிவிடுகிறது. கால்கள் நடுங்கி, நிற்க முடியாமல், ஒவ்வொன்றாக விழுந்தன.

மழையில் அறுத்த வரகு கிறுகிறுப்பைத் தரும் என்று வரகு விளைத்த எந்த ஊர்க் கிழவியும் சொல்லியிருப்பாள். யானை விஷயத்தில் எழுத்துப் பதிவே நம்மிடம் இருந்திருக்கிறது. 1933 டிசம்பரில், அன்றைய சென்னை மாகாணத்தின் வண்ணாத்திப்பாறைக் காட்டில் 14 யானைகள் செத்துக் கிடந்தன. வரகு மேய்ந்ததுதான் காரணம் என்ற செய்தியை ஆர். சி. மோரிஸ் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பதிவு செய்தார். வண்ணாத்திப்பாறை என்றால் நமக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கும் மலை. தேனி மாவட்டத்து அந்த மலையில் 14 யானைகள் சொல்லிவிட்டுப் போன பாடம், 91 ஆண்டு கழித்து, யானை புதிதாக வந்து சேர்ந்த ஒரு காட்டில் யாருக்கும் தேவையான நேரத்தில் எட்டவில்லை. பாந்தவ்கரின் அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில அறிவைக் கடன் வாங்கலாம். 2025 மே மாதம் கர்நாடக அரசு, காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய கும்கி யானைகளை ஆந்திரத்துக்கு அளித்தது; பலமநேர் அருகே முசலமடுகுவில் முகாம். யானை வந்து நாற்பது ஆண்டான பிறகு அந்த மண்ணில் பாகன்கள் உருவாகிறார்கள். கும்கியால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் வரகளியாற்றில் விட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை, சில நாட்களிலேயே காட்டை விட்டு இறங்கி நடந்து உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் வந்து நின்றதை மறக்க முடியுமா? பிப்ரவரியில் மீண்டும் பிடித்து, கடைசியில் அவனையே கும்கியாக்கினார்கள். இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில நேரே பிடித்த இடத்துக்கே திரும்பின. சில நிலையில்லாமல் அலைந்தன. சில விட்ட இடத்துக்கு அருகிலேயே தங்கின. மொத்தத்தில், பிடிக்காமல் விட்டிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதைவிட அதிக மனிதர்களும் யானைகளும் செத்ததுதான் பலன். பிடித்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கையை நாம் எப்போது கைவிடுவோம் என்று தெரியவில்லை.

செத்துப்போன அறிவை வேறு உருவில் திரும்ப உண்டாக்க முடியும் என்பதை வால்பாறை காட்டியது. 220 சதுர கிலோமீட்டர் தேயிலைத் தோட்டம். சுற்றிலும் ஆனைமலைக் காடு. காட்டை அழித்துத் தேயிலை நட்ட பிறகு வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளிகள், யானைகள் பழைய வழியில் கடந்துபோகும் இடத்தில் வாழ்கிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் அங்கே யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்பது அங்கே பணியாற்றிய யானை ஆய்வாளர் ஆனந்த குமார் குழுவினரின் முதல் கண்டுபிடிப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு நடக்கும்போது எதிரே யானை. அவ்வளவுதான் விஷயம் என்றால், தெரியப்படுத்தினால் போயிற்று. கேபிள் டிவியின் அடியில் ஓடும் எழுத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தி, மேட்டுப்பாங்கான இடங்களில் செல்போனாலேயே ஏற்றக்கூடிய சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது; 2015இல் ஆனந்த குமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது, விளக்கை ஏற்றும் பொறுப்பு ஊர்க்காரர்களிடமே இருப்பதுதான்.

ஏரியில் யானைகளைப் பார்த்த அதே வாரம் தளி பக்கம் ஒரு ராகிக் காட்டில் இரவு தங்கினேன். புங்க மரத்தில் பரண். எழுபதைத் தாண்டிய பெரியவர், வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ். ஒரு டார்ச், ஒரு தகர டப்பா, ஒரு கம்பளி. “பேசாம இரு தம்பி, நாய் சொல்லும்” என்றார். நாய் பலமுறை குரைத்தது, அவர் எழுந்திருக்கவில்லை. பன்றிக்கு ஒரு குரைப்பு, மனுஷனுக்கு ஒரு குரைப்பாம். இரண்டு மணி இருக்கும், நாய் குரைக்காமல் முனகிக்கொண்டே பரணுக்கு அடியில் வந்து ஒண்டியது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கம்பளி நூல் ஒன்றைப் பிய்த்துக் காற்றில் விட்டார். நூல் எங்கள் பக்கமே வந்தது. “நம்ம வாசனை அவனுக்குப் போகாது. இப்ப டப்பா தட்டினா பயந்து இந்தப் பக்கமே ஓடி வருவான்.” பிறகு நெடுநேரம் தாள் ஒடியும் சத்தமும், பெருமூச்சு போன்ற ஒரு சத்தமும் மட்டும். எவ்வளவு தின்றது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் வயலில் இறங்கினோம். பாதி ராகி மிதிபட்டுக் கிடந்தது. ஈர மண்ணில் வட்டமாக முன்னங்கால் தடம், அதன் மேல் சற்று நீண்ட பின்னங்கால் தடம். பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, பின்னங்கால் மிதிக்காத ஒரு முன்னங்கால் தடமாகப் பார்த்து, அதன் விளிம்பைச் சுற்றி வைத்து அளந்தார். அந்த அளவைப் போல் இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். இதை உயிரியல் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இவர் புத்தகம் படித்தவரில்லை. கயிற்றில் ஏற்கெனவே நாலைந்து முடிச்சுகள் இருந்தன. ஒரு முடிச்சுக்குச் சற்றுத் தள்ளி அளவு வந்து நின்றது.

“போன வருசம் வந்தவன்தான்” என்றார். “ரெண்டு விரக்கடை வளந்திருக்கான்.”

பழைய முடிச்சை அவிழ்த்துப் புது இடத்தில் போட்டார். பால் பாத்திரத்தோடு வந்து நின்ற பேரன், கயிற்றைத் தன் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டான்.